கரி ஏப்பம் விடுமா?

நம் மண் பரிசோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் அதிகாரி மேடம் கேட்டபோது, எதைப் பற்றி என்றேன்.

"நீங்க பண்ண தப்பு ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா?"

"இருக்கறதுலயே பெரிசு."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் முதுகு ஒத்துழைக்காமல் ஓய்வு வாங்கிக்கொண்டு செங்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா, அந்த முதுகும் அதே கதையில்தான் முதன்முதலாகக் குரல் கொடுத்தது. எனவே ஒரே கல்யாணத்தில் இரண்டு மொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் தொழிலின் கேலிக்கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மண்ணில் சத்து இருக்கிறதா என்று பார்க்க நாம் ஓர் ஆரஞ்சு நிறத் திரவம் ஊற்றுகிறோம். அதில் இருப்பது குரோமியம். சோதனை முடிந்ததும் மண் நல்ல மண் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடும். குரோமியம் நம்மோடு தங்கிவிடும். அதை அப்படியே சாக்கடையில் ஊற்றினால் கீழே இருக்கிற ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து அதே மண்ணுக்குப் போகும். ஊருக்கு வைத்தியம் பார்க்கப் போய் ஊருக்கே சீக்கு வரவழைக்கிற கதை.

அதற்காகத்தான் பின்கட்டில் அந்த ஆளுயரக் குழாய் நிற்கிறது. ஜமுனாமரத்தூர் மில்லில் சாமை அரைத்த பிறகு மிஞ்சுகிற உமியை வாங்கி, மூடிய தகரத்தில் கருக்கி, கழுவி, குழாயில் நிரப்பி, கழிவுநீரை மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால், உலோகமெல்லாம் கரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தில் இதற்குப் பரப்பு கவர்தல் என்று பெயர். பலாப்பழம் உரித்த கையில் பால் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். உங்கள் பயிற்சியில் இதை மூன்று நாள் சொல்லித் தருவார்கள். நான் மூன்று வரியில் முடித்துவிட்டேன், ஏனென்றால் எனக்குச் சிக்கல் வந்தது இதற்கு அப்புறம்தான்.

அப்புறம் என்றால், ஒட்டிக்கொண்ட பிறகு.

குழாய்க்கரி ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். அதற்கு மேல் எதையும் பிடிக்காது. அந்தக் கரியை வெளியே எடுத்து, நீல டிரம்மில் போட்டு, மூடி, சீட்டு ஒட்டி, பூட்டிய அறையில் வைக்க வேண்டும். அபாயக் கழிவு எடுக்கும் லாரி கீழேயிருந்து வந்து கொண்டுபோகும். விதி இவ்வளவுதான். அந்த மாதம் லாரி வரவில்லை. டிரம் நிறைந்துவிட்டது. கையில் ஒரு மூட்டை அளவுக்குப் புதிதாக எடுத்த ஈரக்கரி. நான் என்ன செய்தேன்? 'ரெண்டு நாளைக்குத்தானே' என்று சொல்லிக்கொண்டு, சாமை அரிசி வந்த ஒரு பழைய சாக்கில் அதைக் கட்டி, காற்றாட இருக்கட்டும் என்று முன்வாசல் வராந்தாவில் வைத்தேன். சீட்டு ஒட்டவில்லை. நம் வராந்தாவில் நம் மூட்டையை யார் தொடப்போகிறார்கள்?

நம் வராந்தாவைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

வாரச்சந்தை அன்றைக்கு நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து ஜனங்கள் வந்து, வாங்க வேண்டியதை வாங்கி, மூட்டையை நம் வராந்தாவில் போட்டுவிட்டு, டீ குடிக்கவும் ஆட்களைப் பார்க்கவும் போய்விடுவார்கள். ஷேர் ஜீப் நம் வாசலில்தான் நிற்கும். ஜீப்காரர் கோவிந்தன் மூட்டைகளையெல்லாம் தூக்கி மேலே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஊரிலும் இறக்கிக்கொண்டே போவார். எது யாருடையது என்று எழுதி வைப்பதெல்லாம் கிடையாது, எல்லாம் மனதில்தான். 'இது பரிசோதனைக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?' என்று மேடம் பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார். நான்தான் தடுக்கவில்லை. எல்லாரும் என்னை 'லேப் சார், லேப் சார்' என்று கூப்பிட்டார்கள். பலாச்சுளை கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பிப்பெட் கழுவிக்கொண்டிருப்பவனுக்கு அந்த 'சார்' எவ்வளவு இனிக்கும் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும்.

சந்தைக்கு மறுநாள் காலை வந்து பார்க்கிறேன், வராந்தா சுத்தமாக இருந்தது. மிகவும் சுத்தமாக இருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, பதற்றம் என்பது முதலில் மூளைக்கு வராது. முதலில் வயிற்றுக்கு வரும். பிறகு கைக்கு வரும். மூளைக்கு வரும்போது மதியம் ஆகிவிடும். நான் மேசையடியில் தேடினேன். பீரோவுக்குள் தேடினேன். முப்பது கிலோ மூட்டையை நான் சோப்பு டப்பாவைத் திறந்து தேடியதைப் பார்த்து மேடம் கேட்டார்:

"என்ன சார் தேடறீங்க?"

மேடம் என்னைவிட இருபது வயது சின்னவர். அன்றைக்கு அவருடைய கண்ணைப் பார்த்ததும் எனக்கு ஏனோ ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

"பல்லு வலி மேடம்."

"சோப்பு டப்பாவுலயா?"

"டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலைத் தாண்டும்போது வலது கன்னத்தைப் பிடித்திருந்ததாக அவர் பிறகு சொன்னார்.

கோவிந்தன் ஜீப்புக்கடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"கோவிந்தா, நேத்து வராந்தாவுல ஒரு சாமை சாக்கு, ஓரமா..."

"கரி மூட்டதான சார்? குடுத்துட்டேன்."

"யாருக்குடா?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க. அன்னிக்கு கூட்டத்துல நீங்கதான சொன்னீங்க, சின்னப்பொண்ணு அக்காவுக்கு ஒரு மூட்ட கரி அனுப்பறேன்னு. நீங்க மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் சார். சாக்க தொட்டுப் பாத்தேன், கரி. நேரா அங்க எறக்கிட்டேன்."

அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

அந்தக் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வாரம் முன்பு நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் குடிநீர் பற்றிப் பேச மேடம் என்னை அனுப்பியிருந்தார். எனக்கு மேடை கிடைத்தால் விடமாட்டேன். ஒரு பாட்டிலின் அடியை அறுத்துக் கவிழ்த்து, கரி நிரப்பி, மேலே பேனா மையைக் கலந்த நீலத் தண்ணீரை ஊற்றினேன். கீழே பளிங்கு மாதிரி தண்ணீர் வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். அப்போது மகளிர் குழுத் தலைவி சின்னப்பொண்ணு எழுந்தார். என் வயதுதான் இருக்கும். கைதட்டாத ஒரே ஆள்.

"நீலம் எங்க சார் போச்சு?"

"கரி துன்னுட்டுச்சுக்கா."

"துன்னுட்டு இன்னா பண்ணும்?"

நல்ல கேள்வி. நம் துறையிலேயே அதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆனால் நல்ல கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் ஆகும், கைதட்டல் ஆறிவிடும். எனவே நான், "ஏப்பம் விடும்!" என்றேன்.

ஊரே சிரித்தது. சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை நின்று, என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்தச் சூட்டோடு நான், "உங்க ஊருக்கே ஒரு மூட்டை கரி அனுப்பி வைக்கிறேன், டிரம்மில் மணலும் கரியும் போட்டு நீங்களே வடிகட்டிக் குடியுங்கள்" என்று அறிவித்துவிட்டு இறங்கினேன். ஜீப்பில் ஏறியதும் மறந்தும் போனேன்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். கரி விஷத்தைத் தின்னும் என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. தின்று முடித்த கரியை அதே ஊருக்கு அனுப்பியும் ஆயிற்று. அவர்கள் அதைக் குடிதண்ணீர் டிரம்மில் போடுவார்கள். நான் சொன்னபடி. அளவு பிசகாமல்.

போன் போட்டுச் சொல்லலாமே என்பீர்கள். அந்த ஊரில் போன் எடுக்க வேண்டுமானால் ஒரு பாறைமேல் ஏற வேண்டும். நான் கூப்பிடுகிற நேரத்தில் யாராவது அந்தப் பாறைமேல் நிற்கவும் வேண்டும். ஏழு முறை கூப்பிட்டேன். பாறை காலியாக இருந்தது.

"வண்டிய எடு" என்றேன்.

"இன்னிக்கு ஆளு சேரலையே சார்."

"நான் ஒருத்தனே பதினெட்டு ஆளுன்னு நெனச்சுக்க. எடு."

வழி முழுக்கக் கோவிந்தன் விசாரித்துக்கொண்டே வந்தார். வூட்டுல ஏதாவது சண்டையா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? நான் வாயைத் திறக்கவில்லை. அவரிடம் உண்மையைச் சொன்னால் ஊர் ஊராக இறக்கிக்கொண்டே போவார் என்ற பயம். என் மனக்கண்ணில் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது: ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நடுவில் நான் நிற்கிறேன், ஒருவர் என்னைப் பார்த்து ஏப்பம் விடுகிறார்.

ஊருக்குள் ஜீப் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த டிரம்தான். மகளிர் குழுக் கட்டடத்து வாசலில் மூன்று கல்மேல் ஏற்றி, அடியில் குழாய் வைத்து, மேலே வெள்ளைத்துணி கட்டி, பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் வைத்திருந்தார்கள். நான் சொல்லித்தந்ததைவிட அழகாக இருந்தது.

சின்னப்பொண்ணு வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். நேத்துதான் உங்க கரி வந்துச்சு."

இந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'அக்கா, அந்தக் கரியில் விஷம் இருக்கிறது, யாரும் தண்ணீரைத் தொடாதீர்கள்.' வாயில் வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே வேறொரு நினைப்பும் வந்தது: இதைச் சொன்னால் இந்த ஊரில் இனி யார் என்னை 'சார்' என்பார்கள்? அந்த நினைப்பு முந்திக்கொண்டது.

"அது வந்துக்கா... மூட்டை மாறிப்போச்சு. அது ரெண்டாம் தரம். உங்களுக்கு மொதத் தரம் அனுப்பணும்னுதான் நானே நேர்ல வந்தேன்."

"அட, இதுக்கா இவ்ளோ தூரம்? பரவால்ல சார். மொதத் தரம் வர்றப்ப வரட்டும். ரெண்டாம் தரத்த மாட்டுத் தொட்டிக்கு வெச்சிக்கறோம்."

"இல்லக்கா, மாட்டுக்கு வேணாம்!"

"ஏன்? மாட்டுக்கும் ஆகாத கரியா?"

"ஆகும்... அதாவது... மாடுங்க மொதத் தரம் குடிச்சா பால் நல்லாக் கறக்கும்."

"அப்ப ரெண்டாம் தரத்த பக்கத்து ஊருக்குக் குடுத்துருவோம். அவங்களும் நாலு நாளா கேட்டுகினு கீறாங்க."

பார்த்தீர்களா? ஒரு டிரம்மில் இருந்த ஆபத்து, நான் சொன்ன இரண்டே பொய்யில், மாட்டுத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து அடுத்த ஊருக்கும் கிளம்பிவிட்டது. லாரி வைத்துக் கொண்டுபோயிருந்தால்கூட இவ்வளவு வேகமாகப் போயிருக்காது.

அடுத்த பொய்யை நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். மலைப்பாதையில் ஓட்டி வந்த களைப்பில் கோவிந்தன் டம்ளரை நிரப்பி, அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

பாய்ந்தேன். டம்ளரைத் தட்டிவிட்டேன்.

"துப்பு! துப்புடா!"

"முழுங்கிட்டேன் சார்."

"ஏன்டா முழுங்கினே?"

"தண்ணிய வேற இன்னா சார் பண்ணுவாங்க?"

டிரம்மை ஓங்கி உதைத்தேன். டிரம் அசையவில்லை, என் கட்டைவிரல் அசைந்தது. அடுத்து அதைக் கட்டிப்பிடித்து, காதலியைக் கூட இப்படிப் பிடித்திருக்க மாட்டேன், முழுப் பலத்தோடு தள்ளினேன். கல் நழுவியது. டிரம்மும் நானும் ஒன்றாகக் கவிழ்ந்தோம். மணல், கரி, கூழாங்கல், இருபது குடம் தண்ணீர், எல்லாம் என் மேல் கொட்டி, வாசல் வழியாகச் சரிவில் ஓடியது. புடைத்து வைத்திருந்த சாமையும் அதோடு போயிற்று.

ஊர் கூடிவிட்டது. ஒரு பெண், "மோட்டாரு ரிப்பேரு ஆகி நாலு நாளாச்சு! ஊத்துலேர்ந்து தூக்கியாந்த தண்ணி!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னொருவர், "சாரு குடிச்சிட்டு வந்துகீறாரா?" என்று கோவிந்தனிடம் கேட்டார். கோவிந்தன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சேற்றில் உட்கார்ந்தபடியே நான் உண்மையைச் சொன்னேன். உயரமான இடத்தில் நின்று சொல்கிற தகுதியும் அப்போது எனக்கு இல்லை.

"அக்கா, அது ரெண்டாம் தரமும் இல்ல, மூணாம் தரமும் இல்ல. அந்தக் கரி எங்க லேப்போட கக்கூஸ். நாங்க கழிக்கிற விஷத்தையெல்லாம் அதுலதான் புடிச்சு வெக்கறோம். அது உங்க ஊருக்கு வந்ததே தப்பு. தப்பு என்மேல."

கோவிந்தன் மெதுவாக வயிற்றைத் தடவிக்கொண்டு, "சார்... அப்ப நான் குடிச்சது?" என்றார்.

சின்னப்பொண்ணு முறத்தைக் கீழே வைத்தார். "எழுந்திரிங்க சார். உள்ள வாங்க" என்றார்.

கட்டடத்துக்குள் மூலையில் என் மூட்டை. நான் கட்டிய அதே சணல், நான் போட்ட அதே அசிங்கமான முடிச்சு. அவிழ்க்கவே இல்லை. போதாததற்கு மேலே ஒரு பெரிய கல்லை வேறு தூக்கி வைத்திருந்தார்கள்.

"அப்ப டிரம்முல இருந்த கரி?"

"எங்க அடுப்புக்கரி. கழுவி, காயவெச்சி, நாங்களே போட்டது."

"என் கரிய ஏன்க்கா போடல?"

"அன்னிக்கு நான் கேட்டதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஏப்பம் விடும்னு..."

"அது பதிலா சார்? துன்னது எங்கியாவது இருந்துதான ஆவணும்? சாருக்குத் தெரியல, இல்ல தெரிஞ்சும் சொல்லல. ரெண்டுல எதுவா இருந்தாலும், பதில் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அவுக்கக் கூடாதுன்னு நான்தான் கல்லத் தூக்கி வெச்சேன். மாட்டுக்கு, பக்கத்து ஊருக்குன்னு சொன்னதெல்லாம் உங்க வாயிலேர்ந்து உண்ம வருதான்னு பாக்கத்தான்."

நம் கூடத்தில் பூட்டு இருந்தது, டிரம் இருந்தது, சீட்டு இருந்தது, விதிப்புத்தகம் இருந்தது, படித்த நான் இருந்தேன். இதில் ஒன்றும் அந்த மூட்டையைத் தடுக்கவில்லை. தடுத்தது ஒரு கல்.

"கோவிந்தா, உனக்கு ஒண்ணும் இல்லடா" என்று வெளியே வந்து சொன்னேன்.

"வயித்த வலிக்குதே சார்."

"அது பயம்."

"உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான்."

அதன்பிறகு சின்னப்பொண்ணு திட்டவில்லை. கத்தவில்லை. ஒரு குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். ஊற்று கால் கிலோமீட்டர் கீழே. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக ஏறிக்கொண்டே கதை பேசுகிறார்கள். எனக்கு இடுப்பில் வைத்தால் குடம் வழுக்கியது, ஏனென்றால் என் இடுப்பில் நிற்க இடமில்லை, தொப்பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. தோளில் வைத்தால் பாதித் தண்ணீர் சட்டைக்குள் போனது. ஒரு பெண், "சாரே ஒரு வடிகட்டி மாதிரி கீறாரு, மேல ஊத்துனா கீழ வருது" என்றார். நான் அன்றைக்குச் சொன்ன நகைச்சுவையைவிட அது எவ்வளவோ மேல். ஒன்பதாவது குடத்தில் முதுகில் 'களுக்' என்று ஒரு சத்தம். மீதியைக் கோவிந்தன் சுமந்தார், வழி முழுக்கத் தன் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே.

கிளம்பும்போது மூட்டையை ஜீப்பில் ஏற்ற அவர் விடவில்லை. "நம்ம வண்டியில கக்கூஸா?" என்றார். "நேத்து ஏத்தினியே?" என்றால், "நேத்து அது கரி சார்" என்கிறார். கடைசியில் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுச் சுற்றி, மூட்டை உட்கார்ந்திருந்த இடத்து மண்ணையும் சுரண்டி உள்ளே போட்டு, எல்லாவற்றையும் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது என்னைக் கட்டிக்கொண்டது.

மேடம் வாசலில் நின்றிருந்தார். தலைமுதல் கால்வரை சேறும் கரியுமாக, மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"பல்லு எப்படி இருக்கு?" என்றார்.

சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல். அவர் பதிவேட்டை எடுத்துவந்து வைத்தார். நான் எழுதினேன்: 'ஒரு மூட்டை தற்காலிகமாக இடம் மாறியது.' மேடம் அதை அடித்துவிட்டு, "மூட்டைக்குக் கால் இருக்கா சார்? திரும்ப எழுதுங்க" என்றார். நான்காவது முறைதான் 'நான்' என்ற சொல் அந்த வாக்கியத்துக்குள் வந்தது. அந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அடித்தல் திருத்தலோடு பாருங்கள்.

மறுவாரச் சந்தைக்கு வராந்தாவில் ஒரு மூட்டை இல்லை. 'லேப்புல கக்கூஸ் மூட்ட வெப்பாங்களாம்' என்று கோவிந்தன் ஊர் ஊராக இறக்கிவிட்டிருந்தார். மேடம் ஆறு மாதமாகச் சொல்லி நடக்காதது ஒரே வாரத்தில் நடந்தது. அதோடு பலாச்சுளையும் நின்றது.

அதற்கடுத்த வாரம் மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். சோதனைக்குத் தண்ணீர் எடுத்தார், மூட்டை இருந்த மூலையின் மண்ணை எடுத்தார். சோதித்ததில் கெடுதல் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் பேசணும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அதே பாட்டில், அதே கரி, அதே பேனா மை. நீலத் தண்ணீரை ஊற்றினேன், கீழே தெளிவாக வந்தது. சிலர் கைதட்டத் தொடங்கினார்கள். "இருங்க" என்றேன். மறுபடி ஊற்றினேன். தெளிவு. மறுபடி. மறுபடி. கை வலித்தது. முதல்முறை நான் மேடையைவிட்டு இறங்கிய இடத்தையெல்லாம் தாண்டி ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கீழே இலேசான நீலம் எட்டிப்பார்த்தது. பிறகு நல்ல நீலம். பிறகு மேலே ஊற்றியது அப்படியே கீழே.

யாரும் கைதட்டவில்லை. சின்னப்பொண்ணு மட்டும் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"நீங்க கேட்டீங்களேக்கா, துன்னுட்டு இன்னா பண்ணும்னு" என்றேன். "செரிக்காது. ஏப்பமும் விடாது. வயித்துலயே வெச்சிருக்கும். வயிறு நெறஞ்சா வாந்தி எடுக்கும். அதுக்குள்ள நாமதான் அத எடுத்து, ஒருத்தரும் தொடாத எடத்துல வெக்கணும்."

"உங்க மூட்ட இப்ப எங்க?"

"வேற ஒரு டிரம்முல. மூடி, சீட்டு ஒட்டி, பூட்டி. லாரி வந்தா கீழ கொண்டுபோய் கான்கிரீட் குழியில வெப்பாங்க."

"அங்க போனா இல்லாம பூடுமா?"

வாயில் ஒரு நகைச்சுவை வந்தது. நல்ல நகைச்சுவை. விழுங்கிக்கொண்டேன்.

"பூடாதுக்கா. அங்கயே இருக்கும். அதனாலதான் மொதல்லயே கம்மியா ஊத்தணும்னு மேடம் சொல்றாங்க. இப்பல்லாம் பாதி அளவுலதான் சோதனை பண்றோம்."

அவர் தலையாட்டினார். சரி என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. உள்ளே போய் அந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து, புது டிரம்மிலிருந்து பிடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அது அவர்கள் அடுப்புக்கரி, அவர்கள் ஊற்றுத் தண்ணீர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை தானாக உயர்ந்து, டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.

"இன்னா சார் பாக்கறீங்க? நீங்க சொன்ன அந்த விஷம் கொஞ்சமா இருந்தா கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அப்புறம் எதுக்குப் பாக்கறீங்க?"

"பயம்தான்" என்றேன்.

சின்னப்பொண்ணு அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

"அது இருந்தா போதும் சார். குடிங்க."